புவனம் அக்காவின் சின்னத் துவக்கு

செவ்வாய்க்கிழமை மத்தியான இடைவேளையில் புவனம் அக்காவின் மகள் தர்சினி நான் வேலை செய்யும் பக்ரரிக்குத் தொலைபேசி எடுத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டா" என்றாள். "எங்கை போனவ?" என்று கேட்டேன். அதை நினைக்க எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. முதுகு நோ என்று சொல்லி ஆறு வாரம் லீவில் நின்றவர் புவனம் அக்கா. நானும் அதை நம்பிக்கொண்டு, இந்தச் சனிக்கிழமை போவோம், அடுத்த சனிக்கிழமை போவோம் என்று நாள் கடத்திக்கொண்டிருந்தேன். வயிற்றில் புற்று என்பது மகளுக்கும் டொக்டர்மாருக்கும் மட்டுமே தெரிந்திருக்கிறது. "ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ" என்று தர்சினி அழுதாள். அக்கா அப்படித்தான். பிறருக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று நினைத்தே, பிறரைத் தீராத கரைச்சலில் விட்டுவிட்டுப் போகிறவர்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களில் நான்கு பேராவது ஒரே கேள்வியைக் கேட்டது என் காதில் விழுந்தது. "ஆர், அந்தத் துவக்கு வைச்சிருந்த மனுசியோ?" கனடாவில் வந்திறங்கிய எத்தனையோ பெண்களுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர், மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவர், படிவம் நிரப்பிக் கொடுத்தவர். ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. சரி, அந்தத் துவக்கை, அந்தச் சின்னத் துப்பாக்கியைப் பற்றியே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் கார் விளக்கு மூடிகள் செய்யும் பக்ரரியில் நானும் அவரும் ஏழு வருடம் ஒரே மேசையில் இருந்தோம். வெடிப்பு விழுந்த மூடிகளைப் பொறுக்கி எறிவது எங்கள் வேலை. கணவர் கனடா வந்த இரண்டாம் வருடமே மாரடைப்பில் போய்விட, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் அக்கா மகளோடு இருந்தார். எங்கள் மேசையில் மூன்றாவது ஆள் டொரீன் என்ற வெள்ளைக்காரி. ஸ்ரௌவ்விலுக்கு அப்பால் அவளுடைய தமையனுக்கு ஒரு அப்பிள் தோட்டம் இருந்தது. மாரி காலத்தில் பனி மூடிப் புல் மறைந்துவிட்டால் முயல்கள் அப்பிள் மரங்களின் பட்டையைச் சுற்றிவரக் கொறித்துவிடும், மரம் பட்டுப்போகும். தமையனுக்குக் கண் மங்கியதால் டொரீன்தான் சனிக்கிழமைகளில் போய் முயல் சுடுவாள். ஒருநாள் அக்காவையும் கூட்டிப்போனாள்.

திங்கட்கிழமை வந்து அக்கா சொன்னார்: "தம்பி, நான் ஐம்பது வெடி வைச்சன். தோள் கொஞ்சமும் நோகேல்லை."

அது இருபத்திரண்டு என்று சொல்லப்படுகிற சின்ன ரைபிள். அதன் தோட்டா சுண்டுவிரலின் ஒரு கணு அளவுதான் இருக்கும். பெரிய ரைபிளில் ஊசி தோட்டாவின் நடு அடியைக் குத்தும். இதில் அடி விளிம்பைத் தட்டும். உதைப்பு இல்லை, சத்தமும் ஒரு தடியை முறித்தது போலத்தான். ஒரு கோப்பிக் காசுக்கு ஐம்பது தோட்டா உள்ள ஒரு பெட்டி வாங்கலாம். இதெல்லாம் அக்கா எனக்கு மூடி பொறுக்கப் பொறுக்கச் சொன்னவை. நான் கேட்க விரும்பவில்லை.

"அக்கா, நாங்கள் துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம். உங்களுக்கு உது என்னத்துக்கு?"

"நான் பயந்தது என்ரை நெஞ்சுக்கு நேரை நீட்டின துவக்குக்கு. உது மட்டையிலை ஓட்டை போடுறது" என்றார். வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

சொந்தமாக ஒன்று வாங்க அனுமதிப் பத்திரம் வேண்டும். வகுப்புக்குப் போய்ச் சோதனையும் எடுத்துப் பாஸ் பண்ணிவிட்டார். அவரைத் தெரிந்த இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும். டொரீன் வைத்தாள். மற்றதற்கு என்னைக் கேட்டார். நான் படிவத்தை மூன்று வாரம் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்போது என் அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் பண்ணிக்கொண்டிருந்தேன். துவக்குப் படிவத்தில் என் பெயரைக் கண்டால் குடிவரவுக்காரர் என்ன நினைப்பார்களோ என்ற பயம். கடைசியில் வெறும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "ஓம், விளங்குது" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கும் தன் சாப்பாட்டுப் பெட்டியில் பாதியை என் பக்கம் தள்ளினார். ஒரு தரம் ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு மருந்துக்கடைக்காரர் ஒருவர் கையெழுத்து வைத்தார்.

துவக்கு வந்த இரண்டாம் மாதம் பொலிஸ் அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. கட்டிடத்தில் இருந்த எங்கள் ஆள் ஒருவரே பெயர் சொல்லாமல் அறிவித்திருந்தார். வந்த இருவரும் துவக்குப் பெட்டியின் பூட்டைப் பார்த்தார்கள், வேறாகப் பூட்டியிருந்த தோட்டாக்களைப் பார்த்தார்கள், பத்திரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டு, தானும் தன் தகப்பனும் இதே மாதிரி ஒன்றில்தான் சுடப் பழகியதாகச் சொன்னாராம். அக்கா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். அவர்களுக்கு விளங்கியது எங்கள் சனத்துக்கு விளங்கவில்லை. அவர் ஊரில் போராடிய இயக்கத்துக்கு ஆள் பழக்குகிறார் என்று ஒரு பகுதி கதைத்தது. உளவு சொல்கிறார் என்று இன்னொரு பகுதி கதைத்தது. கட்டிட நிர்வாகமும் முகத்தைச் சுளிக்கவே, துவக்கை அந்த அப்பிள் தோட்டத்து வீட்டுப் பெட்டகத்தில் கொண்டுபோய் வைத்தார். அதன்பிறகு தன் துவக்கைத் தொட அவர் இரண்டு பஸ் மாறி டொரீனிடம் போய், அவளுடைய காரில் போக வேண்டியிருந்தது. விட்டுத்தொலையுங்கோ என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! விடவில்லை.

ஒரேயொரு மாசிச் சனிக்கிழமை நானும் போனேன். வேலி ஓரம் பனிக்குள் இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்தோம். கால் விறைத்துவிட்டது. ஒரு முயல் வந்து, அப்பிள் மரத்தடியில் நிமிர்ந்து குந்தியது. அக்கா கன்னத்தைத் துவக்கில் வைத்தார்.  சுடவில்லை. முயல் போய்விட்டது.

"ஏன் விட்டனீங்கள்?" எனக்குக் கோபம்.

"பின்னுக்கு றோட்டு. இந்தச் சின்னக் குண்டு ஒரு மைல் போகும். பின்னுக்கு என்ன இருக்கெண்டு பாக்காமல் நான் வெடி வைக்கமாட்டன்."

அடுத்தது வர இன்னும் முக்கால் மணித்தியாலம் எடுத்தது. பின்னால் மண்மேடு. ஒரே வெடி. முயல் துடிக்கக்கூட இல்லை.

வெடிச் சத்தம் கேட்டுப் பக்கத்துப் பண்ணைக்காரர் மான் சுடும் பெரிய ரைபிளோடு வந்தார். விளையாட்டுச் சாமான் என்று அக்காவின் துவக்கைப் பகிடி பண்ணினார். தன்னுடையதைக் கொடுத்து, மட்டையைச் சுடச் சொன்னார். அக்கா ஒரு வெடி வைத்துவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். என்னிடம் தமிழில் சொன்னார்: "பெரிசின்ரை சத்தத்துக்குள்ளை எங்கடை பிழை தெரியாமல் போயிடும். சின்னன் மறைக்காது. பிழைச்சால் அது நான்தான்." பண்ணைக்காரர் மரியாதைக்காகச் சின்னதைக் கையில் எடுத்தார். பிறகு அரை மணித்தியாலம் அவரிடமிருந்து அதை வாங்க முடியவில்லை. மட்டையில் ஓட்டைகள் நெருங்க நெருங்க, அந்த அறுபது வயது மனிதர் பள்ளிக்கூடப் பெடியனைப் போலச் சிரித்தார்.

பிறகு என் முறை. புதுப் பெட்டி ஒன்றை உடைத்து, ஐந்து வெடி போதும் என்று தொடங்கினேன். முதல் ஐந்தும் மட்டையில் படவேயில்லை. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தச் சொன்னார் அக்கா. ஆறாவது பட்டது. பெட்டி முடியும்வரை நான் எழும்பவில்லை. இருட்டிக்கொண்டு வருகிறது என்று டொரீன் கூப்பிட்ட பிறகுதான் குளிரே தெரிந்தது.

இனி எழுதப்போவதுதான் என்னை அரிப்பது. இரண்டு கிழமை கழித்து ஒரு பிறந்தநாள் விழாவில் ஒருவர், "நீரும் புவனத்தோடை துவக்குப் பழகப் போறனீராம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "எனக்கென்ன விசரோ?" என்றேன். மேசைகள் சிரித்தன. திரும்பினால் அக்கா கையில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றார். திங்கட்கிழமை மூடிகளைப் பொறுக்கிக்கொண்டே, "வாற சனிக்கிழமை வாறீரோ, தம்பி?" என்று கேட்டார். அம்மாவின் அலுவல் இருக்கிறது என்றேன். அதன்பின் அவர் கேட்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபின் தர்சினியிடம் துவக்கைப் பற்றி விசாரித்தேன். "பொலிஸிட்டைக் குடுத்திட்டன், அங்கிள். அழிச்சிடுவினமாம். எல்லாரும் உதைத்தான் கதைக்கினம், எனக்குக் களைச்சுப் போச்சு" என்றாள். "என்னைக் கேட்டிருக்கலாமே, பிள்ளை" என்றேன். அவள் என்னை நேரே பார்த்தாள். "கேட்டிருந்தால் வாங்கியிருப்பியளோ?"

சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். ஆகவே அக்காவின் நினைவாகக் கையில் வைத்துக்கொள்ள என்னிடம் ஒரு பொருளும் இல்லை. அந்த ஒரு பின்னேரம்தான் இருக்கிறது. அதை இனி ஒளிக்கப்போவதில்லை. கதைத்த உங்களுக்கும், கதையாமல் இருந்த உங்களுக்கும் சொல்கிறேன்: அந்தச் சனிக்கிழமை புவனம் அக்காவின் துவக்கால் நான் ஐம்பது வெடி வைத்தேன். எனக்குப் பிடித்திருந்தது. இதை அவருடைய காது கேட்கச் சொல்லியிருக்க வேண்டும்.