வெந்நீரில் போட்ட பிளேட்

அன்று காலை ஆறே முக்காலுக்கு அந்த பிளேட்டைக் கொதிக்கும் நீரில் போட்டேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் பகலெல்லாம் கண் சொக்கும் என் மகனுக்காக, கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும்படி பல் டாக்டர் செய்து கொடுத்தது அது. பச்சைத் தண்ணீரில் கழுவினால் போதும் என்று அவர் சொல்லியிருந்தார். இரவெல்லாம் வாயில் கிடந்த எச்சில் பண்டம் என்று எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. வெளியே எடுத்தபோது லேசாக வளைந்திருந்தது. துடைத்து டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.

அவன் படுக்கப்போகும்போது போட்டுப் பார்த்தான்.

"என்னம்மா, வேற யார் வாய்க்கோ செஞ்ச மாதிரி இருக்கு?" என்று சிரித்தான்.

"பழகினா சரியாயிடும்டா."

அதற்குப் பிறகு நான்கு நாளும் அதைப் போடாமலேயே படுத்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஹெப்பாள் ஃபேக்டரிக்கு ஸ்கூட்டரில் போனவன், வழியில் கண் அசந்து மரத்தில் மோதிவிட்டான். பக்கத்து வீட்டுக்கு போன் வந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் டாக்டர் வேறு பிளேட் செய்திருப்பார்; அதுவரை இவனும் கம்பெனி பஸ்ஸில் போயிருப்பான்.

மதியம் ஆட்டோவில் வந்து இறங்கினான், கையில் மாவுக்கட்டோடு.

"அழாதம்மா. நீ சொன்ன மாதிரி போட்டுப் பழகியிருக்கணும். தப்பு என்னோடதுதான்," என்றான்.