ரூபேன் நாஷ்வில் போகாத வெள்ளிக்கிழமை

சான் அன்டோனியோவில் மனிதன் தெருவில் நடந்தால் ஏதோ விபரீதம் என்று பொருள். தொண்ணூறுகளின் நடுவில் மகன் வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் நூலகத்துக்கு நடந்தேன். ஒரு பிக்கப் வண்டி என்னை உரசாத குறையாக வந்து நின்றது. கௌபாய் தொப்பி ஒன்று எட்டிப் பார்த்தது.

"கார் ரிப்பேரா, சார்?"

"என்னிடம் கார் இல்லை."

"அடப்பாவமே! எப்போ திருடினாங்க?"

பக்கத்து வீட்டு ரூபேன் இப்படித்தான் அறிமுகமானான். அவன் தெஹானோ பாடகன். டெக்ஸஸின் மெக்சிகோ வம்சாவளிக்காரர்கள் அக்கார்டியன் வைத்துக்கொண்டு ஸ்பானிஷில் பாடிக் கல்யாண வீட்டையே ஆட வைக்கும் இசை அது. அவனுக்கோ கன்ட்ரி மேல் மோகம். கிதாரை அணைத்துக்கொண்டு, ஓடிப்போன மனைவிக்கும் செத்துப்போன நாய்க்கும் ஒரே மாதிரி அழும் ஆங்கிலப் பாட்டு. நன்றாகவே அழுதான்.

அன்றிலிருந்து நூலகம், கோயில், முடிவெட்டும் கடை எல்லாம் அவன் வண்டியில்தான். மகனுக்குப் பிடிக்கவில்லை.

"அப்பா, கண்டவங்க வண்டியில ஏறாதீங்க. ரைடு வேணும்னா என்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா வீக்கெண்ட்ல பாக்கலாம்பே."

மதுரையில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் நான் என்பதால் ரூபேன் என்னை 'ப்ரொஃபே' என்பான். நம் ஊர் 'வாத்தியாரே'தான். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வருவதை வண்டியில்தான் சொன்னான். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஓட்டலில் பாடிக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் குடும்பத்தோடு நாஷ்வில்லுக்கே குடிபெயர்வான். வாழ்த்தினேன். வீட்டுக்கு வந்து, இனி யார் என்னை வெளியே கூட்டிப்போவது என்று யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை புதுத் தொப்பி, புது பூட்ஸோடு எங்கள் சமையலறைக்கு வந்தான். சுவரில் தொங்கிய தமிழ்த் தினசரிக் காலண்டரைக் காட்டி, "ப்ரொஃபே, உங்க காகிதம் என்ன சொல்லுது? நல்ல நேரமா?" என்றான்.

ராகுகாலம் பார்த்த மாணவர்களை வகுப்பில் கிழிகிழியென்று கிழித்தவன் நான். அந்தக் காகிதத்தின் ராகுகாலம் சென்னைக்கானது என்பதும் தெரியும். அந்த நேரத்தில் சென்னை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. இருந்தும் சொன்னேன்:

"பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை கெட்ட நேரம். பன்னிரண்டுக்கு மேல் போ."

"எங்கம்மாவும் செவ்வாய்க்கிழமை எதையும் தொடங்க மாட்டா," என்று தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். மருமகள் செய்து வைத்திருந்த உப்புமாவைக் கொடுத்தேன். ருசித்துச் சாப்பிட்டான். பன்னிரண்டுக்கு மேல் ஓட்டலுக்குப் போனபோது அந்தக் கம்பெனிக்காரர் வேறொரு பையனைப் பிடித்துக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்பியிருந்தார். அப்புறம் அந்தக் கம்பெனி அவன் தொலைபேசியையே எடுக்கவில்லை.

இதைத் தமிழில் எழுதுவதே ரூபேனால் படிக்க முடியாது என்ற தைரியத்தில்தான். ஆங்கிலத்தில் அவனிடம் இதைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

போன சனிக்கிழமை ஒரு கல்யாணத்தில் அவன் கச்சேரி. என்னையும் இழுத்துப்போனான். நடுவில் அக்கார்டியனை நிறுத்தச் சொல்லிவிட்டு, "இது என் ப்ரொஃபேக்கு. எனக்குக் கெடுதல் வரக்கூடாதுன்னு நினைச்ச மனுஷன்," என்று ஆங்கிலத்தில் ஒரு கன்ட்ரி பாட்டு எடுத்தான். "ஸ்பானிஷ்ல பாடுய்யா!" என்று யாரோ கத்தினார்கள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் பீர் பக்கம் ஒதுங்கினார்கள். காலியான ஆடுதளத்தைத் தாண்டி, என்னையே பார்த்து, கண்ணை மூடாமல் கடைசி வரி வரை பாடினான். அமெரிக்கா முழுக்கக் கேட்டிருக்க வேண்டிய குரல். கேட்டது மதுரைக்காரன் ஒருவன். எனக்கும் பாதி வரிகள் புரியவில்லை. எழுந்து நின்று, நான் ஒருவனே கைதட்டினேன்.