மைக்கில் கட்டிய துண்டு

மகன் புதிதாக வாங்கிய காரில் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே, உள்விளக்குக்குப் பக்கத்தில், கொசு நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. "அதுதாம்ப்பா மைக். நீங்க சும்மா பேசினாப் போதும், கார் கேட்டுக்கும்" என்றான். கேட்டு என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு நான் புதிதாகக் கற்றுக்கொண்ட ஒரே நடைமுறை, பிள்ளைகள் விளக்கம் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. ஆனால் என் வலது கை, என்னைக் கேட்காமலேயே, தோளில் கிடந்த துண்டை இறுகப் பிடித்துக்கொண்டது. செல்லூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். என்னுடன் வேலை பார்த்த ஜீப் டிரைவர் இறந்துபோயிருந்தார். அன்று அவருக்குப் பதினாறாம் நாள் காரியம்.

துறையில் எல்லோருக்கும் அவர் 'டிரைவர் அண்ணன்'. அவரைவிட மூத்த லைன் இன்ஸ்பெக்டர்கூட அண்ணே என்றுதான் கூப்பிடுவார். நான் மட்டும் 'டிரைவர்' என்பேன். மின்துறையில் உதவிச் செயற்பொறியாளராக இருந்தேன். சமயநல்லூரைத் தாண்டி விரியும் வயல்வெளிகளில் மின்சாரம் இருந்தால் யாருக்கும் தெரியாத ஆள், போனால் எல்லோரும் தேடும் ஆள். ஒருநாள் மேலிடத்திலிருந்து எங்கள் பழுதுபார்க்கும் ஜீப்புக்கு ஒரு ஒயர்லெஸ் செட் வந்து இறங்கியது. எல்லோர் சட்டைப்பையிலும் செல்போன் வந்துவிட்ட காலம் அது. இது எதற்கு என்று சிரித்தார்கள். மழை வந்தால் மின்சாரம் போகும், மின்சாரம் போனால் கொஞ்ச நேரத்தில் செல்போன் கோபுரமும் போகும், நாம் வேலைக்குக் கிளம்புவதே அதற்கப்புறம்தான் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது.

செட்டை நானே கூட நின்று பொருத்தினேன். ஆன்டெனாவைக் கூரையின் நட்டநடுவில் வைக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கம் நன்றாகக் கேட்கும், மறுபக்கம் ஊமையாகிவிடும். துளையிடும் கருவி தகரத்தைத் தொட்டபோது டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், மழை ஒழுகும் சார்."

"ரப்பர் வளையம் போட்டிருக்கு."

"உங்க பேச்சை ரப்பர் கேக்கும். மழை கேக்குமா சார்?"

மின்சாரத்தை வண்டிச் சாவியின் வழியாக எடுக்காமல், நடுவில் ஃபியூஸ் வைத்து, பேட்டரியிலிருந்து நேராக எடுத்தேன். சாவியை எடுத்துவிட்டாலும் செட் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக. மைக்கை மாட்டும் கொக்கியை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், பட்டனில் எதுவும் இடிக்காதபடி திருகினேன். பிறகு பாடம். பட்டனை அழுத்து, ஒரு மூச்சு பொறு, அப்புறம் பேசு. மைக்கை வாயோடு ஒட்டாதே. முடித்ததும் 'ஓவர்' சொல், பட்டனை விடு. முக்கியமான ஒன்றை இரண்டு முறை சொன்னேன்: "பட்டனை அமுக்கியிருக்கிற வரைக்கும் உங்களுக்கு யார் பேசுறதும் கேட்காது. ஒத்தைப் பாலம் மாதிரி. நீங்க பாலத்துல நின்னா எதிர்ல யாரும் வர முடியாது." தலையை ஆட்டினார். வாரம் முடிவதற்குள் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு, இன்னொரு வண்டியின் டிரைவரிடம் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையில் கறி நன்றாக இருக்கும் என்று விசாரித்தார். கோட்டம் முழுவதும் கேட்டது. விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஓலை வந்தது.

அன்றிலிருந்து அவருக்கு அந்தச் செட் 'போட்டுக் குடுக்குற பெட்டி' ஆனது. ஜீப்புக்குள் அதிகாரிகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். பேசியே ஆக வேண்டுமென்றால் இறங்கி, பத்தடி தள்ளிப் போய் நின்று பேசுவார். வழியில் யாரையாவது ஏற்றிக்கொண்டால் (துறை வண்டியில் வெளியாளை ஏற்றக் கூடாது, அவர் ஏற்றாத நாள் கிடையாது) தோள்துண்டை எடுத்து மைக்கைச் சுற்றி இறுக்கி இரட்டை முடிச்சுப் போடுவார். பக்கத்து வீட்டுத் தறியில் நெய்த, சிவப்புக் கரை போட்ட முரட்டுத் துண்டு. ஒருமுறை கையும் களவுமாகப் பார்த்துவிட்டேன்.

"டிரைவர், பட்டனை அமுக்கினாத்தான் அது பேசும். எத்தனை தடவை சொல்றது?"

"அமுக்குனாப் பேசும், சரி. அமுக்காதப்பக் கேக்கலைன்னு யாரு சார் கண்டா?"

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். விதிகள் எனக்கு மனப்பாடம். மைக்கில் துண்டு கட்டக் கூடாது என்று ஒரு விதியும் இல்லை.

ஐப்பசி மாதம். முதல்நாள் பெய்த மழையில் வேப்பமரம் ஒன்று முறிந்து உயரழுத்தக் கம்பி மேல் சாய்ந்திருந்தது. மதியம் மழை வெறித்ததும் ஜீப் போனது. லைன் இன்ஸ்பெக்டரும் இரண்டு லைன்மேன்களும் போனார்கள். கம்பத்தில் ஏற வேண்டியவர் டிரைவரின் தங்கை கணவர். டிரைவர் அவரை 'மாப்ள' என்பார். அதனால் நாங்களும் மாப்ள என்போம். நான் துணைமின் நிலையத்தில் இருந்தேன். எங்கள் வேலையின் உயிர்நாடி 'லைன் கிளியர்'. இந்தக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டேன், நீங்கள் சொல்லும்வரை விடமாட்டேன் என்று துணைமின் நிலையம் ஓர் எண்ணோடு கொடுக்கும் வாக்கு அது. வேலை முடிந்து, ஆட்கள் எல்லோரும் இறங்கி, அதே எண்ணைச் சொல்லித் திருப்பித் தர வேண்டும். திருப்பித் தந்தால்தான் மறுபடி மின்சாரம். எங்கள் ஆபரேட்டர், மிஷன் பள்ளி ஆசிரியரின் மகள், எழுத்துப்பிசகாமல் எண்ணைப் படித்தார். இன்ஸ்பெக்டர் ஒயர்லெஸ்ஸில் திருப்பிச் சொன்னார். சுவிட்சின் மேல் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற சிவப்புப் பலகை தொங்கியது. எல்லாம் விதிப்படி. எனக்கு விதிப்படி நடக்கும்போதுதான் பசி எடுக்கும். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மேலதிகாரி தரைவழித் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தக் கம்பியில் ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கே ஜெனரேட்டர் மக்கர் செய்கிறது, பிரசவ வார்டு இருட்டில் கிடக்கிறது. "இன்னும் எம்புட்டு நேரம்?" அது நியாயமான கேள்வி. ஜீப்பைக் கூப்பிடச் சொன்னேன். ஆபரேட்டர் மைக்கை எடுக்கும்போதே ஒலிபெருக்கி கரகரத்தது. பேச்சில்லை. தகரத்தின் மேல் மழை. வைப்பர் இழுபடும் சத்தம். யாரோ செருமினார்கள். ஜீப்பில் பட்டன் சிக்கியிருக்கிறது என்று உடனே புரிந்தது. இப்போது வரும் செட்டுகள் சில நிமிடங்களில் தாமே வாயை மூடிக்கொள்ளும், எங்களுடையது பழையது. ஆபரேட்டர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பயனில்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஒத்தைப் பாலத்தின் மேல் ஜீப் நின்றுகொண்டிருந்தது. எங்களுக்குக் காது இருந்தது, வாய் இல்லை. தொலைபேசியில் காத்திருந்த மேலதிகாரியிடம் செட் மக்கர் பண்ணுது என்றேன். செல்போனில் கூப்பிட்டோம், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்.

அப்போது இஞ்சின் உறுமியது. கியர் விழும் சத்தம். ஜீப் நகர்ந்தது.

இதற்கும் ஒரு விதி இருந்தது, எழுதியவன் நான்தான். கம்பியில் ஆள் இருக்கும்வரை ஜீப் அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. ஏனென்றால் செட் ஜீப்பில் இருக்கிறது. ஆகவே ஜீப் அசைந்தால் கம்பியில் ஆள் இல்லை. எவ்வளவு சுத்தமான தர்க்கம். கையிலிருந்த தொலைபேசியில், யோசிக்காமல், "வண்டி கிளம்பிருச்சு சார்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்புறம் என்ன? வேலை முடிஞ்சிருச்சு. லைனைச் சார்ஜ் பண்ணி கரண்டை விடுங்க."

"லைன் கிளியர் திரும்பி வரலையே சார்."

"செட் மக்கர் பண்ணுதுன்னு நீங்கதான சொல்றீங்க, எப்படி வரும்? அங்க ஒரு பொம்பளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீங்களா?"

ஆபரேட்டர் சுவிட்சின் பக்கத்தில் போய் நின்றிருந்தார். சிவப்புப் பலகை அவர் கையில் இருந்தது. எப்போது கழற்றினார் என்று நான் பார்க்கவில்லை. "சார்?" என்றார். அவ்வளவுதான். என் வாயிலிருந்து ஒரு சொல் வர வேண்டும். கம்பியை நிலத்தோடு இணைத்துப் பாதுகாப்புச் செய்திருப்பார்கள் என்று தெரியும். அது இரண்டாம் காவல், முதல் காவல் என் நாக்கு. நான் தைரியசாலி இல்லை. அந்த நேரத்தில் மாப்ளயின் முகம்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. விசாரணை அறையில் என் எதிரே ஒருவர் உட்கார்ந்து, 'லைன் கிளியர் திரும்பப் பெறப்பட்டதா?' என்று கேட்பதுதான் கண்முன் வந்தது. அந்தப் பயமும், மேலதிகாரி மீதான பயமும் இரண்டு பக்கமும் இழுத்தன. எது ஜெயித்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏனென்றால் அதற்குள் ஒலிபெருக்கியில் ஒரு பெண் பேசினாள்.

"அண்ணே, செத்த மெதுவாப் போங்கண்ணே. கூடை சரியுது."

வேலைக்குப் போன கூட்டத்தில் பெண்ணே கிடையாது. ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். நான் ஒலிபெருக்கியைப் பார்த்தேன். அதன்பின் டிரைவரின் குரல் வந்தது, தெளிவாக, பக்கத்தில் நிற்பதுபோல:

"மெதுவாவா? பொறு தாயி. அங்க என் மாப்ள கம்பத்துல தொங்கிக்கிட்டு இருக்கான். ஒங்களை ரோட்டுல விட்டுட்டு நா திரும்பி ஓடணும்."

ஆபரேட்டரின் கையிலிருந்து பலகை நழுவித் தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினார். மாட்டிய பிறகும் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. தொலைபேசியில் மேலதிகாரி "ஹலோ, ஹலோ" என்றார். "ஆள் மேல இருக்கு சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மேலதிகாரியின் பேச்சை நான் பாதியில் வெட்டியது அந்த ஒரு முறைதான். பிறகு நாங்கள் இருவரும் அந்தக் கரகரப்பையே கேட்டுக்கொண்டிருந்தோம். பெண்கள் இறங்கினார்கள், நல்லாயிருப்பீக என்றார்கள். ஜீப் திரும்பியது. சேற்றில் ஒருமுறை சக்கரம் சுழன்று சுழன்று முனகியது. ஜீப் மீண்டது. எங்கோ தூரத்தில் மாப்ள, "மச்சான், கயிறு!" என்று கத்தினார். உயிரோடு இருக்கும் ஒரு மனிதன் எரிச்சலில் கத்தும் சத்தம். அதைவிட இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை. வெகுநேரம் கழித்து ஒலிபெருக்கியில் ஏதோ உரசியது, முடிச்சு அவிழ்ந்தது, நிசப்தம். அப்புறம் இன்ஸ்பெக்டர் முறைப்படி லைன் கிளியரைத் திருப்பித் தந்தார். எண்ணை மூன்று முறை சொல்லவைத்தேன். கம்பியில் மின்சாரம் விட்டோம். மருத்துவமனையில் குழந்தை டார்ச் வெளிச்சத்தில் ஏற்கெனவே பிறந்திருந்ததாம், தாயும் பிள்ளையும் நலம்.

சாயங்காலம் டிரைவர் சொட்டச் சொட்ட வந்து நின்றார். துண்டு தோளில் இருந்தது.

"ஜீப்பு எங்க போயிருந்துச்சு?"

"எங்கயும் போகலையே சார். கம்பத்தடியிலதான் கெடந்தோம்."

"பொறு தாயி, என் மாப்ள கம்பத்துல தொங்கிக்கிட்டு இருக்கான்" என்றேன்.

அவர் முகம் வெளுத்ததை விவரிக்க மாட்டேன். மெதுவாகச் சொன்னார். நடவுக்கு வந்த பெண்கள் புளியமரத்தடியில் ஒதுங்கியிருந்தார்கள். காற்றில் கிளை ஒன்று முறிந்து அவர்கள் பக்கத்தில் விழுந்தது. பார்க்கச் சகிக்காமல் ஏற்றிக்கொண்டு போனார். பெட்டி போட்டுக் கொடுத்துவிடக் கூடாதே என்று, வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினார். நான் துண்டை வாங்கி, மைக்கில் கட்டிக் காட்டினேன். ஈரத்தில் நூல் சுருங்கியிருந்தது. முடிச்சு நேராகப் பட்டனின் மேல் உட்கார்ந்தது. செட்டின் காதைப் பொத்துவதாக நினைத்து அதன் வாயைத் திறந்துவிட்டிருக்கிறார். அந்தத் துண்டு இல்லையென்றால் ஜீப் கிளம்பிய சத்தம் எங்களுக்குக் கேட்டிருக்காது, மின்சாரத்தை விடலாமா என்ற சோதனையும் எனக்கு வந்திருக்காது என்பதையும் விளக்கினேன். எனக்கு விளக்கம் சொல்ல வரும். அவர் அதையெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை.

"சார், நா பேசாம ஓட்டியிருந்தா?"

மைக்கிலிருந்து துண்டை அவிழ்த்து அவரிடம் கொடுத்தேன்.

"மாப்ளைட்ட சொல்லிராதீக சார். அப்புறம் கம்பம் ஏற மாட்டான். தங்கச்சி என்னைய உசுரோட விடாது."

செட்டில் கோளாறு என்று மேலே சொன்னேன். செட் எதிர்த்துப் பேசவில்லை. டிரைவர் அதன்பின் மைக்கில் துண்டு கட்டவில்லை. கம்பத்தில் ஆள் இருக்கும்போது ஜீப்பை அசைக்கவும் இல்லை. ஆனால் ஒரு புது வழக்கத்தை ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் பட்டனை அழுத்தி, "கம்பத்துல ஆள் இருக்கு, ஓவர்" என்பார். யாரும் கேட்கவில்லை, எந்த நடைமுறையிலும் அது கிடையாது. மற்ற வண்டிக்காரர்கள் கேலி செய்தார்கள். "அண்ணே, இறங்குனாச் சொல்லுங்கண்ணே, அதுவரைக்கும் தூங்கிக்கிறோம்." மேலிடத்திலிருந்து மறுபடி ஓலை வந்தது. அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த என் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தேன். ஓய்வுபெறும்வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வுபெறும்வரை, அந்தக் குரல் வரச் சற்றுத் தாமதமானால் எனக்குச் சோறு இறங்காது.

காரியம் முடிந்து கிளம்பும்போது, மாப்ள சிம்மக்கல் வரை வருவதாகச் சொன்னார். தலை நரைத்து, தொந்தி போட்டு, வெற்றிலை வாசத்தோடு முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். நான் பின்னால். மகன் வழக்கம்போல் துளையைக் காட்டி விளக்கினான். மாப்ளைக்குச் சிரிப்பு.

"மச்சான் இருந்திருந்தா இந்த வண்டியில ஏறியிருக்க மாட்டாரு சார். அம்புட்டுப் பயம், இந்த மாதிரிப் பெட்டின்னா. நா மேல இருந்தாப் போதும், கீழ ஓயாமக் கத்திக்கிட்டே இருப்பாரு, 'ஆள் இருக்கு, ஆள் இருக்கு'ன்னு. எனக்குன்னா வெக்கமாப் போகும். ஏன் அப்படி மாறுனாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை." சொல்லிக்கொண்டே தோளிலிருந்த துண்டை எடுத்தார். சிவப்புக் கரை. "இருங்க, அவருக்காக ஒரு கட்டுக் கட்டிவிடுறேன்" என்று அந்தத் துளையின் மேல் விளையாட்டாகப் பொத்தப்போனார்.

பின்னாலிருந்து எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். சூடாக இருந்தது, விரலுக்கடியில் நாடி அடித்துக்கொண்டிருந்தது. அவர் திகைத்துத் திரும்பிப் பார்த்தார்.

"வேண்டாம் மாப்ள" என்றேன். "கேட்டுக்கிட்டு இருக்கட்டும்."