முன்னுக்கு நின்ற ஒல்லாந்தர்

பியர்பொன்ட்ஸ் பூங்காவில் எங்கள் மாதா கோயில் ஒன்றுகூடலுக்கு, தாதியாக வேலை பார்க்கும் ஒரு பெண் தன் ஒல்லாந்துக் கணவரைக் கூட்டிவந்திருந்தாள். நெடிய மனிதர். எப்போதோ உடைந்து கோணலாகப் பொருந்திய மூக்கு. தன் ஊரில் தொழில்முறை உதைபந்தாட்டக்காரராம், அதுவும் தடுப்பாட்டக்காரர் என்றதும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒன்றுகூடலில் கலியாணம் முடித்தவர்களுக்கும் முடிக்காத பொடியன்களுக்கும் உதைபந்தாட்டம் நடக்கும்; முடித்தவர்களின் அணிக்கு நான்தான் கப்டன். தோற்கும் அணி பிரியாணிக் கிடாரம் கழுவவேண்டும். வருடாவருடம் நாங்கள்தான் கழுவுகிறோம்.

"அண்ணை, அவருக்கு முன்னுக்கு நிண்டு விளையாடவேணுமாம். இவ்வளவு காலத்தில ஒரு கோலும் அடிக்கேல்லையாம்" என்றாள் அவள்.

"ஐயோ தங்கச்சி, பேந்து கிடாரத்தை ஆர் கழுவுறது?"

அவர் முகத்தைப் பார்த்தேன். சம்மதித்துவிட்டேன்.

முன்னால் நின்றும் அடிக்கடி தோளுக்கு மேலால் பின்னே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எங்கள் வலைக்குள் பந்து போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எங்களுக்குக் கிடைத்த ஒரு கோர்னர் பந்து அவர் தலையில் பட்டு எதிரணியின் வலைக்குள் போனது. எதிரணிப் பொடியன்களும் சேர்ந்து கத்தினார்கள். அவரோ பழக்கதோஷத்தில் எங்கள் கோலைக் காக்கப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். பாதிவழியில்தான் தான் கோல் அடித்தது நினைவு வந்து, நின்று, இரண்டு கைகளையும் தூக்கினார்.

பிறகு, கிடாரத்துக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம், "பின்னால் நின்றிருந்தால் வென்றிருப்போம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நிச்சயமாக. அப்படி எத்தனையோ ஆட்டம் வென்றிருக்கிறேன். அவற்றில் ஒன்றும் நினைவில்லை" என்றார்.

அப்படியே உள்ளிருந்து பாடத் தொடங்கினார். கிடாரம் முழுக்க அதிர்ந்தது. தோற்றுப்போன எனக்கு ஏன் அவ்வளவு சிரிப்பு வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.