கிட்டாருக்கு வந்த சாமி

கோவில்பட்டி பஸ்ஸில் அந்த வீடியோவை மூன்றாவது தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு ராக் கச்சேரி. டிரம்ஸ் அடிக்கிறவனுக்குப் பாதியில் விரல் கிழிகிறது. ஒவ்வொரு அடிக்கும் டிரம்மின் வெள்ளைத் தோலில் ரத்தம் தெறிக்கிறது, அவன் நிறுத்தவில்லை. இந்தச் சத்தத்தை நம்ம அம்மன் கோயில் கொடை விழாவில் எழுப்பினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. எங்கள் ஊர் இடைசெவலில் இறங்க மறந்து, அடுத்த நிறுத்தத்திலிருந்து வெயிலில் திரும்பி நடந்தேன்.

எனக்குப் பிடித்த கச்சேரிகள் எல்லாமே இந்த ரகம். இன்னொன்றில் மழையில் மைக் செத்துப்போகும். பாடுகிறவன் வெறும் தொண்டையில் அலறுவான், கழுத்து நரம்பு கயிறாகப் புடைக்கும். பிசிறில்லாமல் வாசித்த ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. அடுத்த நொடி எது உடையும் என்று மேடையில் நிற்கிறவனுக்கே தெரியாத பாட்டுதான் உள்ளே இறங்கித் தங்குகிறது.

கொடை கமிட்டியில் என் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். "உறுமிக்காரர் மத்தியானம் சாப்பிடப் போவார்லா, அப்ப ஒரு பாட்டு. ஊருக்குப் பிடிக்கலன்னா வயர உருவிருவேன். பெறவு இந்த ஊர்ல உன் கிட்டார் சத்தம் கேக்கக்கூடாது" என்றார்.

நான் கிட்டார். என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் பாட்டு. குழாய் ஸ்பீக்கரில் முதல் அடி விழுந்ததும் கட்டியிருந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நண்பன் முழங்காலில் விழுந்து அலறினான்.

ஊர் அதைச் சாமி வந்ததாக எடுத்துக்கொண்டது. என் சித்தி ஒரு குடம் மஞ்சத்தண்ணியை அவன் தலையில் கவிழ்த்து, "யாரு வந்திருக்கீய? என்ன கொறை வச்சோம்?" என்றாள்.

ஈரக்கையில் மைக். கரண்டு அவனைப் பிடித்துக்கொண்டது. உடம்பு வெட்டி வெட்டித் துள்ளியது. சனம் குலவை போட்டது. சித்தி இரண்டாவது குடத்தைத் தூக்கிவிட்டாள். நான் கிட்டார் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவன் கையோடு ஒட்டிக் கிடந்த மைக்கைக் கிட்டாராலேயே ஓங்கி அடித்தேன். மைக் அவன் வாயில் மோதித் தெறித்தது. கிட்டாரின் கழுத்து ஒடிந்தது.

பெரியப்பா என் கன்னத்தில் அறைந்தார். "சாமி மேலயாலே கை வைக்கே?"

"சாமி இல்ல பெரியப்பா, கரண்டு."

மறு கன்னத்தில் ஒன்று விழுந்தது. "அத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?"

யாரோ மெயின் சுவிட்சை அமத்தினார்கள். நண்பன் எழுந்து உட்கார்ந்து பாதிப் பல்லைத் துப்பினான். பிறகு, விட்ட இடத்திலிருந்து வெறும் தொண்டையில் அலற ஆரம்பித்தான். தாடையில் ரத்தம் வழிந்தது. உறுமிக்காரர் சோற்றுக்கையைக் கழுவாமலே ஓடிவந்து உறுமியை இழுத்தார். ஊர் நின்ற இடத்தை விட்டு நகராமல் கேட்டது. இதுவரை நான் கேட்ட கச்சேரிகளில் முதலிடம் இதற்குத்தான்.

சாயங்காலம் பெரியப்பா கேட்டார். "அந்தப் பாட்டுல வார்த்தை என்னலே?"

"கெடையாது பெரியப்பா. வெறும் அலறல்தான்."

"அப்ப உன் சித்தி கேட்டதுக்குப் பதில் சொல்லாமலே முடிச்சிட்டியளே. அடுத்த கொடைக்குப் பதிலோட வாங்க."

புதுப் பாட்டுக்குச் சித்தியின் கேள்விதான் முதல் வரி. பதில் வரி இன்னும் வரவில்லை. கிட்டார் கழுத்தைப் பசைபோட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன். நண்பனுக்கு உதட்டில் போட்ட தையல் பிரித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை உறுமிக்காரரையும் கூட்டிக்கொண்டு பருத்திக் காட்டுக்குப் போகிறோம், வயரே இல்லாமல் அலறிப் பார்க்க.