ஸ்பூனில் சாப்பிட்ட பெண்

நான் கணக்கு டீச்சர். தருமபுரியில் பஸ் ஏறினால் காரிமங்கலம் வரும்வரை கதை படிப்பேன். "கணக்கு டீச்சர் கதை படிச்சா வெளங்குமா?" என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் செய்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

போன வருடம் பத்தாம் வகுப்பில் ஒரு பெண். போர்டில் போட்ட கணக்குக்கு வாயாலேயே பளிச்சென்று விடை சொல்வாள். திருப்புதல் தேர்வுத் தாளிலோ எல்லாக் கணக்கும் பாதியில் நின்றது. ஃபெயில். பொதுத்தேர்வையும் இப்படியே எழுதினால் அவளுடைய ப்ளஸ் ஒன் கனவு அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதியச் சத்துணவைக்கூட அவள் ஸ்பூனில்தான் சாப்பிடுவாள். மற்ற பிள்ளைகள் 'தொரசானி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த வாரம் பஸ்ஸில் படித்த கதையில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு மருமகள் வந்தாள். ஓட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் வெந்துபோனதால் கரண்டியால் சாப்பிடுகிறாள். புகுந்த வீட்டில் அதைத் திமிர் என்கிறார்கள். எங்கள் பக்கம் முந்திரி உடைக்கிறவர்கள் கிடையாது. இருந்தாலும் மதியம் நேரே அந்தப் பெண்ணிடம் போனேன்.

"கையக் காட்டும்மா."

தயங்கித் தயங்கி நீட்டினாள். விரல் நுனியெல்லாம் வெடிப்பு.

"புளிங்க டீச்சர். சீசன்ல வூட்ல கொட்ட எடுக்கறோம். வெடிப்புல புளி எறங்கி எரியுது, ரொம்ப நேரம் பேனா பிடிக்க முடியல."

"ஏன் சொல்லல?"

"எங்க தெருவுல எல்லாருக்கும் இப்படித்தானுங்க."

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா புளிக்குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பரீட்சை முடியும்வரை மகளைப் புளியில் கைவைக்க விடாதீர்கள் என்றேன்.

"சீசன விட்டா அப்புறம் என்னங்க பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. பிறகு அவரே சொன்னார்: "பரீச்ச முடியறமுட்டும் அவ ஓடு மட்டும் தட்டட்டுங்க. அவ எடுக்கற கொட்டயும் நானே எடுத்துக்கறேன்."

காய்ந்த ஓட்டைத் தட்டுவதில் விரலில் புளி அவ்வளவாகப் படாது.

கணக்குப் பரீட்சை முடிந்ததும் அந்தப் பெண் ஓடி வந்தாள். "எல்லாத்தயும் முழுசா எழுதிட்டேன் டீச்சர்!" அவளை அழைத்துப்போக அம்மாவும் வந்திருந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றார். என் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் கைகளை முந்தானைக்குள் வைத்தபடியே கூச்சத்தோடு கேட்டார்.

"ஸ்பூன் இருக்குங்களா டீச்சர்?"