செல்லம் தேய்த்த வாளி

செல்லத்தின் பால் வாளியில் முகம் பார்க்கலாம் என்று எங்கள் லயத்தில் சொல்வார்கள். நான் பார்த்திருக்கிறேன். மூக்கு கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ரப்பர் மரம் வெட்டி, வடிந்த பாலைச் சேர்த்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்தால் மற்ற நாங்கள் எல்லாரும் வாளியைக் கவிழ்த்துவிட்டு உட்காருவோம். அவள் மட்டும் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவாள். அடியில் ஒட்டிய பாலை நகத்தால் சுரண்டி எடுத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

மலாய் நாட்டில் லிங்கி ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தது எங்கள் தோட்டம். லயம் என்றால் வரிசை வீடு, எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் அவளும் புருஷன் சன்னாசியும். பிள்ளை இல்லை. அவள் சிரித்தால் எனக்குக் கேட்கும், அழுதாலும் கேட்கும். அதனால் நான் சொல்கிறதை யாரும் திருத்த வேண்டாம்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலம் வந்ததும் மேல் லயத்தையும் கீழ் லயத்தையும் பிடுங்கிக்கொண்டு வந்து ஒரே முள்வேலிக்குள் வைத்தார்கள். காலையில் கேட் திறந்தால் வேலைக்குப் போகலாம், சாயங்காலம் அடைத்துவிடுவார்கள். தலைத்துணியை அவிழ்த்துப் பார்ப்பார்கள், காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு அரிசி கொண்டுபோகிறோமா என்று. அடிக்கடி பட்டாளத்து லாரி வரும். ஆம்பிளைகளை வரிசையாக நிறுத்துவார்கள். முகமூடி போட்ட ஆள்காட்டி ஒருவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டினாலும் அவனை லாரியில் ஏற்றுவார்கள். ஏறியவன் எங்கே போனான் என்று கேட்கப் போனவனையும் ஏற்றியதுண்டு. லாரிச் சத்தம் கேட்டாலே நான் கதவைச் சாத்திக்கொள்வேன். வேலியெல்லாம் போன பிறகும், மீன் லாரி வந்தால்கூட அப்படித்தான்.

சன்னாசிக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் பயம். தொழிலாளர் சங்கத்தைத் தடை செய்வதற்கு முன்னால் அவன்தான் அதற்குக் கொடி பிடித்தவன். ஆட்களை வேலை வாங்குகிற தங்கராஜு மண்டோர், புல் வெட்டுகிற ஒரு பெண்ணின் கையைப் பிடித்தபோது, சன்னாசிதான் ஆட்களைக் கூட்டி, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் மண்டோரை மன்னிப்புக் கேட்க வைத்தான். சங்கம் போன பிறகு சன்னாசியைப் பிடித்துக்கொண்டு போய், கொஞ்ச நாள் வைத்திருந்து வெளியே விட்டார்கள். அடுத்த தடவை பிடித்தால் கப்பல்தான், இந்தியாவுக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் பிறந்ததே இந்தத் தோட்டத்தில். இந்தியாவில் யாரிடம் போவான்?

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துத் துரை ஒரு யோசனை சொன்னார். இரண்டு லயத்துக்கும் சேர்த்து ஒரே தலைவனை நாங்களே ஓட்டுப் போட்டு எடுக்க வேண்டும். கேட்டில் பட்டாளத்துக்குப் பக்கத்தில் அவன் நிற்பான். அவன் நல்லவன் என்று சொன்னவனை விட்டுவிடுவார்கள். கணக்கு எழுதுகிற இராஜரத்தினம் கிராணி பெரட்டில் இதைச் சொன்னபோது ஜனங்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முகமூடி போட்டவன் தலையாட்டுவதற்குப் பதில் நம் ஆளே பேசப்போகிறான் என்று.

மேல் லயத்திலிருந்து தங்கராஜு மண்டோர் நின்றான். எங்கள் கீழ் லயத்திலிருந்து, கோயிலில் தப்பு அடிக்கிற முனியாண்டி நின்றார். முனியாண்டிக்கு யாரையும் கெட்டவன் என்று சொல்லவே வாய் வராது. மண்டோர் வெளிப்படையாகவே சொன்னான்:

"சன்னாசிக்கு மட்டும் நான் வாய தொறக்க மாட்டேன். அவன் கொடிய கூப்பிட்டுப் பேசச் சொல்லு."

அவ்வளவுதான் விஷயம். முனியாண்டி ஜெயித்தால் சன்னாசி வீட்டில் இருப்பான். மண்டோர் ஜெயித்தால் கப்பல்.

எழுதத் தெரிந்தவர்கள் எங்களில் குறைவு. அதனால் பால் ஸ்டோரில் சாக்குத் திரைக்குப் பின்னால் இரண்டு வாளி வைத்து, ஆளுக்கு ஒரு ரப்பர் மரத்துக் கொட்டை போடுவது என்று முடிவானது. சிவப்புத் துணி கட்டியது மண்டோருக்கு, வெள்ளைத் துணி கட்டியது முனியாண்டிக்கு. தேர்தலில் நிற்கிறவர்கள் அவரவர் வாளியைக் கொண்டுவர வேண்டும். முனியாண்டியின் வாளி ஓட்டை. செல்லம் தன்னுடையதைக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால் அதைத் தேய்த்தாள் பாருங்கள், கோயில் குடத்தைக்கூட யாரும் அப்படித் தேய்த்ததில்லை.

மண்டோர் மரம் வெட்டுகிறவன் இல்லை, அவனுக்கு ஏது வாளி? ஸ்டோருக்குப் பின்னால் யாரோ தூக்கிப் போட்டதை எடுத்து வந்தான். உள்ளே பழைய பால் காய்ந்து, தோல் மாதிரி கனமாகப் படிந்து கிடந்தது.

"என்ன மண்டோரண்ணே, வாளிக்குள்ள மெத்த போட்டு வச்சிருக்கீங்க? கொட்ட படுத்துத் தூங்கவா?" என்று செல்லம் கேட்டாள். கீழ் லயம் முழுக்கச் சிரித்தது.

"சிரி, சிரி. சாயங்காலம் பாப்போம்லா," என்றான் மண்டோர்.

போட்ட கொட்டையை யாரும் கைவிட்டு எடுத்துவிடக் கூடாது என்று கிராணி இரண்டு வாளிக்கு மேலும் பலகை வைத்து, நடுவில் ஓட்டை போட்டிருந்தார். நேர்மையான மனுஷன். வெளியே பெஞ்சில் மண்டோரும் முனியாண்டியும் உட்கார்ந்தார்கள். நாங்கள் வரிசையில் நின்றோம்.

முதலில் போனவள் மாரியம்மா. திரைக்குள் போனாள். 'ணங்' என்று கேட்டது. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அடுத்து அமிர்தலிங்கம். 'ணங்.' அடுத்து நான், அதே 'ணங்.' நான் போடும்போதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆகவே அதில் என் வீரம் எதுவும் கிடையாது. எனக்குப் பின்னால் மேல் லயத்துக்காரன் ஒருவன் போனான். சத்தமே இல்லை. போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை.

அப்போதுதான் மண்டோர் தலையை நிமிர்த்தினான். திட்டம் போட்டுத்தான் அந்த வாளியைக் கொண்டுவந்தான் என்று பிறகு பலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அவனுக்கு அவ்வளவு மூளை இல்லை. ஆனால் காதுக்கு வந்ததை விடுகிறவனும் இல்லை. பெஞ்சைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, திரையை விட்டு வெளியே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்க ஆரம்பித்தான்.

வரிசைக்கு விளங்கிவிட்டது. வெள்ளைத் துணி வாளியில் போட்டால் கேட்கும், மண்டோரின் மெத்தையில் போட்டால் கேட்காது. இன்னும் ஒரு 'ணங்'. அப்புறம் சத்தம் இல்லை. அடுத்தவன் போனான், சத்தம் இல்லை. கீழ் லயத்து ஆட்கள் போனார்கள், முனியாண்டியின் சொந்தச் சித்தப்பா மகன்கூடப் போனான். சத்தம் இல்லை. அந்த அமைதி லாரிச் சத்தத்தைவிட மோசம்.

செல்லம் வரிசையை விட்டு ஓடிவந்தாள். "கிராணி ஐயா, ஒரு துணிய என் வாளிக்குள்ள போட்டுக்கிறேங்க! ஒரே ஒரு துணி!"

"ஓட்டு நடக்கேக்கை வாளியிலை ஒருத்தரும் கை வைக்கேலாது, பிள்ளை. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

"சத்தம் கேக்குதுங்களே, ஐயா!"

"சத்தத்துக்கு நான் என்ன செய்ய?"

அவள் முறை வந்தது. திரைக்குள் வெகுநேரம் நின்றாள். பிறகு 'ணங்' என்று கேட்டது. கடைசியாக அவள் புருஷன் போட்டதும் கேட்டது. இடையில் அத்தனை பேர் போட்டதும் கேட்கவில்லை.

கிராணி எல்லார் முன்னாலும் கொட்டி எண்ணிக் காட்டினார். மண்டோர் ஜெயித்தான். "நான் எண்ணினது சரி, ஒரு கொட்டையும் கூடக் குறைய இல்லை," என்றார் கிராணி. எண்ணியது சரிதான், இன்றைக்கும் நான் மறுக்கவில்லை. எண்ணுவதற்கு முன்னால் நடந்ததை எண்ணுவதற்கு யாரும் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போன சன்னாசி ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். சாப்பிடும்போதும் கழற்றவில்லை, தூங்கும்போதும் கழற்றவில்லை.

"வேர்க்குதே, கழட்டுங்களேன்."

"வெறும் ஒடம்போட என்னைய ஏத்தக் கூடாது செல்லம்."

பலகைக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

லயம் இரண்டாகிவிட்டது. மேல், கீழ் என்று அல்ல. கொட்டை போட்டபோது சத்தம் வந்தவர்கள், வராதவர்கள் என்று. குழாயடியில் நாங்கள் போனால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். வெறுப்பு இல்லை, எங்கள் பக்கத்தில் நிற்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். செல்லம் வாளி தேய்ப்பதை விட்டுவிட்டாள்.

லாரி வந்தது. கேட்டில் ஆம்பிளைகளை நிறுத்தினார்கள். மண்டோர் பட்டாளத்து அதிகாரிக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவனுக்கும் "பாய்க், பாய்க்" என்று மலாயில் நல்லவன் என்று சொல்லிக்கொண்டே வந்தான். அமிர்தலிங்கத்திடம் கொஞ்சம் நிறுத்தினான், அவன் வேட்டி நனைகிற வரைக்கும். பிறகு "பாய்க்" என்றான். சன்னாசி முறை வந்தது. மண்டோர் மரத்து உச்சியைப் பார்த்தான்.

செல்லம் போய் அவன் காலில் விழுந்தாள். "அண்ணே, ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எனக்கா ஓட்டுப் போட்ட? உன் வாளி நல்லாத்தான் சத்தம் போடுதே, அதுகிட்ட சொல்லச் சொல்லு."

சன்னாசி தானாகவே லாரியில் ஏறினான், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு. முனியாண்டி ஒரு அடி முன்னால் வைத்தார். துப்பாக்கிக்காரன் திரும்பினான். முனியாண்டி நின்றுவிட்டார்.

சன்னாசியைக் கப்பல் ஏற்றவில்லை, முகாமில் வைத்திருந்தார்கள். அவன் திரும்பி வந்தபோது செல்லத்துக்கு நரை விழுந்திருந்தது. வந்தவன் பேச்சைக் குறைத்துவிட்டான். வேலியை எடுத்துவிட்டிருந்தார்கள், மண்டோரும் பகாவ் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். இருந்தும் சன்னாசி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருவான், சட்டையோடு.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து, நாடு முழுக்க ஓட்டு வந்தது. அவசரகாலம் இன்னும் முடியவில்லை. செல்லத்துக்கும் எனக்கும் குடியுரிமை கிடைத்தது, முகாமில் இருந்தவன் என்று சன்னாசிக்குக் கிடைக்கவில்லை. கட்சிக்காரப் பையன்கள் ஒலிபெருக்கி கட்டிய வேனில் வந்து, "உங்க ஓட்டு ரகசியம்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். செல்லம் ஒருவனை மறித்தாள்.

"தம்பி, பெட்டி தகரமா, பலகையா?"

"எதுக்குக்கா?"

"சொல்லு."

"தெரியாதுக்கா. பெட்டி பெட்டிதான்லா."

அவனுக்கு எதற்கென்று விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அன்று முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு. போக வேண்டாம் என்றேன். "நீ வேணா இரு," என்று சொல்லிவிட்டு நடந்தாள். விடுவேனா, பின்னாலேயே போனேன். பெட்டி தகரம். அவள் காகிதத்தை மடித்து மடித்துச் சுண்டுவிரல் அளவாக்கினாள். பெட்டியின் துவாரத்தில் வைத்தாள். வைத்ததும் இருமினாள். நெஞ்சு கிழிகிற மாதிரி, அந்தப் பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருமினாள்.

"சாக்கிட்கா, மக்சிக்?" என்று வாசலில் நின்ற போலீஸ்காரர் கேட்டார். உடம்பு சரியில்லையா பெரியம்மா என்று.

புதிதாக வந்த ஆட்கள் சிரித்தார்கள். எங்கள் லயத்துப் பழைய ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. காகிதம் விழுந்தால் சத்தம் கேட்காது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். என் முறை வந்தபோது நானும் இருமினேன்.

வீட்டு வாசலில் சன்னாசி எழுந்து நின்றான். வெகுநாளைக்குப் பிறகு தானாக வாயைத் திறந்தான்.

"சத்தம் கேட்டுச்சா?"

"இருமிட்டேன்," என்றாள் செல்லம்.

அவன் தலையை ஆட்டினான். சட்டையைக் கழற்றவில்லை.